ஆள் குறைந்த வீட்டுப் படம்

மச்சான்,

கமராப் பையின் பக்கப் பொக்கற்றுக்குள் எறும்பு. வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்த பிறகுதான் கண்டேன். தையலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. விரலை விட்டுப் பார்த்தால் அடியில் தோடம்பழ இனிப்பு. உருகி, கடதாசியோடு ஒட்டி, திரும்ப இறுகி ஒரு கட்டியாகக் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் கிளம்பும்போது ஒரு பிடி அள்ளிப் போடுவாயே, அதுதான். பையைத் துடைத்துவிட்டேன். கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். இன்னும் தோடம்பழம் மணக்கிறது.

நீ போன பிறகு இந்தப் பையோடு எத்தனையோ வீடுகளுக்குப் போய் வந்துவிட்டேன். அந்தப் பொக்கற்றைத் திறக்க வேண்டி வரவில்லை. இன்றைக்குத் திறந்ததற்குக் காரணம், கமராவுக்குள் இருந்த மெமரி காட்டை உன் மனைவி வசந்தியிடம் கொடுத்துவிட்டு வந்ததுதான். வேறு ஒன்று இருக்கிறதா என்று தேடினேன். ஓம், உன் வீட்டுக்குத்தான் போனேன். கமராவோடு போனேன். அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நீ இல்லாமல் வேலை எப்படிப் போகிறது என்று கேட்பாய். பயமாக இருக்கிறது. முன்பும் பயம்தான், ஆனால் அதை வைத்துப் பகிடி பண்ண நீ பக்கத்தில் இருந்தாய். “உன்னைப் போல கை நடுங்கிற ஆக்களுக்காகத்தான் மச்சான் கமராவிலை சட்டர் ஸ்பீடு எண்டு ஒண்டு வைச்சிருக்கிறாங்கள்” என்பாய். படம் எடுப்பது நான், கதை கொடுப்பது நீ என்று நாம் பிரித்துக்கொண்ட வேலை அது. வீட்டுக்காரர் என்னைப் படக்காரர் என்றும் உன்னை என்னை ஏற்றிவந்த ஆள் என்றும் நினைத்துக்கொள்வார்கள். நீ கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு அவர்கள் தரும் பிளேன்ரீயை எனக்கு முதலே குடித்து முடிப்பாய்.

அரியாலை வீடு நினைவிருக்கிறதா? லண்டனில் இருந்து மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மகன் போனில் சொன்னது இதுதான்: “நிப்பாட்டி வைச்சு எடுக்கிற படம் வேண்டாம். சும்மா இருக்கேக்கை எடுக்கிற மாதிரி வேணும்.” நாங்கள் படலையைத் திறந்தால் ஐயா எல்லோரையும் வீட்டு முன்சுவரோடு வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார். உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் முன்னால், எல்லோருடைய கையும் நேராகக் கீழே. ஐயா மட்டும் ஒரு கையைச் சேட்டுப் பொக்கற்றில் வைத்து வைத்து எடுத்தார். உள்ளே அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பதை நான் கவனிக்கவில்லை. நீதான் கண்டாய்.

“மச்சான், இவர் படத்துக்கு நிக்கேல்லை, பதிவுக்கு நிக்கிறார்” என்று என் காதுக்குள் சொன்னாய்.

எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. நாங்கள் பள்ளிக்கூடம் போன சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் வீடுவீடாகப் பதிவுக்கு வருவார்களே, அந்தப் படம். வீட்டில் உள்ள அத்தனை பேரும் வாசலில் நிற்க வேண்டும், படம் எடுப்பார்கள். அடுத்த முறை வரும்போது அதைக் கையில் கொண்டுவந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள். எங்களில் கனபேருக்கு முதலாவது குடும்பப் படமே அதுதான். எங்கள் வீட்டுப் படத்தில் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. நான் அசைந்தால் ஏதோ நடந்துவிடும் என்று அவவுக்கு ஒரு எண்ணம். நீ உங்கள் வீட்டுப் படத்தில் கண்ணை மூடிவிட்டதாகவும், அதனால் உன்னை மட்டும் எவருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றும் அளந்துகொண்டு திரிந்தாய். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

ஐயாவிடம் நீ போய்க் கேட்டது என்ன? “ஐயா, உந்தக் கிணத்திலை தண்ணி உவரோ?”

அவ்வளவுதான். மனுசன் துள்ளிக் குதித்தார். “உவரோ? ஆர் உமக்குச் சொன்னது? இந்த ஒழுங்கையிலை இருக்கிற ஒரே நல்ல தண்ணிக் கிணறு இது. வாரும் காணும், குடிச்சுப் பாரும்!” வரிசையை விட்டு அவர் கிணற்றடிக்கு நடக்க, பேரப்பிள்ளைகள் பின்னால் ஓட, மருமகள் “வழுக்கும், வழுக்கும்” என்று கத்திக்கொண்டு போக, மகன் வாளியைப் பிடித்து இழுக்க, நான் எடுத்தேன். நீ தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். அவர் உன்னை அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு சிரித்தார். நீ மட்டும் அகப்படாத அந்தப் படம்தான் இப்போது அவர்கள் வீட்டில் பெரிதாக மாட்டியிருக்கிறது.

நீ சொல்லித் திரிந்தவை எல்லாம் என் தலைக்குள் கிடக்கின்றன. “சிரியுங்கோ எண்டு மட்டும் சொல்லிப்போடாதை, பல்லுத்தான் வரும்.” “கமராவைக் கடைசியா எடு.” “கையுக்கு வேலை குடு, முகம் தன்ரை பாட்டிலை சரிவரும்.” எல்லாம் சரிதான். இன்னொன்றும் சொல்வாய், அதை விரலை நீட்டிச் சொல்வாய்: “இல்லாத ஆளைப் பற்றி வாயே திறக்காதை. சுவரிலை மாலையோடை தொங்கிறவரை ஆர் எண்டு கேட்டியெண்டால் அண்டைக்குப் படமில்லை.” அப்படிப் படம் தொங்காத வீடு எங்கள் பக்கத்தில் எது? நீ போய் அந்தப் படத்துக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கதைப்பாய். வீட்டுக்காரரின் கண் அங்கே போகாமல் உன் உடம்பால் மறைத்துக்கொள்வாய். இதை நான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

ஊர் முழுவதையும் கமராவுக்கு முன்னால் இளக வைத்த உன்னால் உன் மனைவியை மட்டும் ஒரு படம் எடுக்க முடியவில்லை. உங்கள் கலியாண அல்பத்தில் வசந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா. பிள்ளைகளின் பிறந்தநாளில் கேக் வெட்டும் கை மட்டும் தெரியும், முகம் இருக்காது. நான் எத்தனை முறை உன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்! பையை விறாந்தையில் வைத்தாலே அவ அடுப்படிக்குள் போய்விடுவா. வெட்கம் என்று நான் நினைத்தேன். ஒருநாள் புத்தூர்ச் சந்திக்குக் கிட்ட எங்கள் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் போனபோது, ரயர்க் கடை வாசலில் இருந்து நீ அதைச் சொன்னாய்.

வசந்தியின் ஊர் நெல்லியடிப் பக்கம். அவ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கேயும் பதிவுப் படம் எடுத்தார்கள். அதில் அவவின் அண்ணன் நின்றான். பிறகொரு நாள் கடைக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. அடுத்த முறை படத்தோடு வந்தவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு ஆள் குறைவு. “இதில் நிற்கிறவர் எங்கே?” என்று தகப்பனைக் கேட்டார்கள். செத்தவனுக்குப் பத்திரம் இருக்கும், வெளிநாடு போனவனுக்குக் கடிதமாவது இருக்கும். திரும்பி வராதவனுக்கு எதைக் காட்டுவது? அவரை முற்றத்து வெயிலில் நிற்க வைத்தார்கள். பின்னேரம் வரை நின்றார். வசந்தி கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறா. ஒரு முறை இல்லை, படத்தோடு வரும் ஒவ்வொரு முறையும்.

சொல்லி முடித்துவிட்டு நீ, “உதை அவளிட்டைக் கேட்டுப்போடாதை” என்றாய். நான் கேட்கவில்லை.

நீ போன காலையைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, நெஞ்சு நோகிறது என்று விறாந்தையில் சாய்ந்தாயாம். வாகனம் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் வந்தபோது உன் வீட்டில் எல்லோரும் ஒரு படத்தைத் தேடிக்கொண்டு இருந்தார்கள். மரண அறிவித்தல் அடிக்கப் படம் வேண்டும். நான் எடுத்த ஆயிரம் படங்களில் நீ இல்லை. எல்லாவற்றிலும் கமராவுக்குப் பக்கத்தில் நின்று யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். கடைசியில் உன் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். பதிவுக்கு நிற்பவன் மாதிரியே நிற்கிறாய் அதில். சந்தியில் ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் இருக்க நான் கனநாள் வேறு பாதையால் போனேன்.

போன கிழமை தாரணி போன் எடுத்தாள். உன் மூத்தவள் இந்த வியாழக்கிழமை நோர்வேக்குப் போகிறாள், படிக்க. இடம் கிடைத்ததும் நீ தலைகால் தெரியாத புழுகத்தில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாயே, அந்தப் படிப்புத்தான்.

“மாமா, நான் போறதுக்கு முதல் எங்கடை வீட்டிலை ஒரு படம் எடுக்கோணும். அம்மா, மது, நான்.”

“அம்மா ஓமெண்டவவோ பிள்ளை?”

“இல்லை. நீங்கள் வந்தால் ஓமெண்டுவா எண்டு நினைக்கிறன். ஆனால் மாமா, வெருண்டு போய் நிக்கிற படம் எனக்கு வேண்டாம். அங்கை தனிய இருக்கேக்கை அம்மான்ரை வெருண்ட முகத்தை என்னாலை பாத்துக்கொண்டு இருக்கேலாது. அம்மா அம்மாவா இருக்கிற ஒரு படம் போதும்.”

ஒரு பிள்ளை கேட்ட சின்ன விசயம். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. நீ ஒரு வாழ்க்கை முழுவதும் செய்ய முடியாமல் விட்டதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்ய வேண்டும். அதுவும் நீ இல்லாத வீட்டில், நீ இல்லாத படமாக.

இன்று காலை மோட்டார் சைக்கிளை நான்தான் ஓட்டினேன். முன்பு நீ ஓட்டுவாய், நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பேன். இன்று பை பின்னால் இருந்தது. புத்தூரில் செம்மண் தொடங்கும் இடத்தில் திரும்பிவிடலாமா என்று உண்மையாகவே நினைத்தேன். மழை வரும் போல இருக்கிறது, வெளிச்சம் காணாது, கமரா மக்கர் பண்ணுகிறது என்று சொல்ல நல்ல நல்ல பொய்கள் வாயில் வந்தன. நல்ல வெயில் எறித்தது.

நீ சொன்னபடியே செய்தேன் மச்சான். பையை விறாந்தை மூலையில் ஒரு துவாயால் மூடி வைத்தேன். பிளேன்ரீ கேட்டேன். வசந்தி முருங்கை மரத்தடியில் இருந்து வெங்காயத் தாளை நறுக்கிப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டு இருந்தா. உன் இளையவள் மது பக்கத்தில் இருந்து உதவி செய்கிறேன் என்று குழப்பிக்கொண்டு இருந்தாள். நான் வாங்குப் பலகையில் இருந்து விளைச்சலைப் பற்றிக் கேட்டேன்.

“இந்த முறை பரவாயில்லை அண்ணை. சின்னன்தான், ஆனால் அழுகல் இல்லை.”

“மது கட்டின பிடியெல்லாம் சந்தைக்குப் போகேக்கை வழியிலை அவிழும் போல கிடக்கு.”

“இவள் கட்டினதை நான் திரும்பக் கட்டுறன், இவள் தனக்குக் கை நோகுதெண்டுறாள்” என்று வசந்தி சிரித்தா. முகம் இளகி இருந்தது. மரத்து இலைகளுக்குள்ளால் வெளிச்சம் வந்து கையில் விழுந்துகொண்டு இருந்தது. கைக்கும் வேலை இருந்தது. நீ இருந்திருந்தால் கண்ணைக் காட்டியிருப்பாய். நான் மெல்ல எழும்பிப் போய்ப் பையைத் திறந்தேன். சிப் இழுபட்ட சத்தம்தான்.

வசந்தியின் கை நின்றுவிட்டது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தியை நிலத்தில் வைத்தா.

“அண்ணை, நீங்கள் பிள்ளையளை எடுங்கோ. நான் உள்ளுக்கு நிக்கிறன்.”

“அம்மா!” என்று விறாந்தையில் நின்ற தாரணி கத்தினாள். “நான் வியாழக்கிழமை போறன். அங்கை போய் உங்கடை ஐடென்ரிக்காட் படத்தையோ வைச்சுப் பாக்கிறது? மாமா என்ன வேத்து ஆளோ?” அழுகை வந்துவிட்டது அவளுக்கு. வசந்தி எழும்பி உள்ளே போனா.

நாங்கள் மூன்று பேரும் ஆளையாள் பார்க்காமல் நின்றோம். உனக்குப் போன் எடுத்துக் கேட்கலாம் என்று ஒரு கணம் என் கை பொக்கற்றுக்குப் போனது. சத்தியமாக. பிறகு கையை வெளியில் எடுத்தேன். இனி ஒன்றும் நடக்காது, போகலாம் என்று கமராவை மூடப் போன நேரம் வசந்தி வெளியில் வந்தா. கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, தலையை இழுத்து வாரியிருந்தா. யாரையும் பார்க்காமல் வீட்டு இலக்கம் எழுதியிருக்கிற முன்சுவருக்குப் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றா. தாரணியை வலப் பக்கம் இழுத்து நிறுத்தினா, மதுவை இடப் பக்கம்.

“கையைக் கீழை விடு” என்று மதுவுக்குச் சொன்னா. என்னிடம், “சரி அண்ணை. எடுங்கோ. கெதியா எடுங்கோ” என்றா.

கமராவைக் கண்ணில் வைத்தேன். வசந்தி அரியாலை ஐயாவிலும் மோசம். உதடு வெளிறியிருந்தது. மது சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் விழித்தாள். வசந்தியின் வலக் கையில் ஏதோ மினுங்கியது. கிட்டப் பார்த்தேன். பிளாஸ்ரிக் உறை ஒன்று. அதற்குள் மடித்த கடதாசி.

“வசந்தி, கையிலை என்ன?”

“ஒண்டுமில்லை. நீங்கள் எடுங்கோ.”

“உதை விறாந்தையிலை வைச்சிட்டு நில்லுங்கோவன்.”

“இல்லை அண்ணை. இது கையிலை இருக்கோணும்.”

மதுதான் சொன்னாள், மெதுவாக. “மாமா, அது அப்பான்ரை மரண அத்தாட்சிப் பத்திரம்.”

தாரணி தாயைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கவில்லை. அந்தக் கதையை நீ பிள்ளைகளுக்குச் சொல்லவே இல்லை. எனக்கு விளங்கியது.

“ஏன் வசந்தி?” என்றேன்.

“ஆள் குறைஞ்சு போச்செல்லோ” என்றா. கண் என்னில் இல்லை, படலையில் இருந்தது. “கேப்பினம்.”

“ஆர் கேக்கிறது?”

“ஆரும்.”

அங்கே ஒருவரும் இல்லை மச்சான். ஒழுங்கையால் யாரோ சைக்கிளில் போனார்கள், அவ்வளவுதான். ஆனால் அவ படலையைப் பார்த்த பார்வையில் நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன். நடு வெயிலில் நின்றுகொண்டு, இத்தனை வருசத்துக்குப் பிறகு, வெறும் படலையைப் பார்த்துப் பயந்துகொண்டு நின்றேன்.

நீ என்றால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். பகிடி விட்டிருப்பாய். கிணற்றைக் கேட்டிருப்பாய். அந்த உறைக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றிருப்பாய். ஒன்றும் சரிவராது என்று தெரிந்தது. கமராவைக் கழுத்தால் கழற்றி வாங்குப் பலகையில் வைத்துவிட்டு அவவுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

“காட்டுங்கோ பாப்பம்” என்றேன்.

அவ என்னைப் பார்த்தா. அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தா. உறையைத் தந்தா. விரல்கள் ஈரமாக இருந்தன.

நான் கடதாசியை வெளியில் எடுத்து விரித்து வாசித்தேன். மனதுக்குள் வாசிக்கவில்லை, சத்தமாக. உன் பெயரை, முழுப் பெயரை, உன் தகப்பன் பெயரோடு சேர்த்து. வயது. தொழில். இறந்த இடம். இறப்புக்கான காரணம். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. இந்தக் கடதாசியை நான் முன்பு கண்டதில்லை. காணாமல் இருக்கத்தான் நான் வேறு பாதையால் திரிந்தேன் என்று அப்போது விளங்கியது. “காரணம்” என்ற இடத்திலும் நிறுத்தவில்லை. கீழே இருந்த முத்திரையையும் கையெழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டினேன். மடித்தேன்.

“சரி” என்றேன். “எல்லாம் ஒழுங்கா இருக்கு.”

“வடிவாப் பாத்தியளோ?”

“பாத்தன்.”

“இன்னொருக்காப் பாருங்கோ அண்ணை.”

இன்னொரு முறை வாசித்தேன். இந்த முறை தாரணி அழுதாள். வசந்தி அழவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றா, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ஆட்டுவது மாதிரி. முடிந்ததும், “ஆள் குறைஞ்சதுக்குக் காரணம் எழுதிக் கிடக்குத்தானே?” என்று கேட்டா.

“ஓம். எழுதிக் கிடக்கு.”

இனி ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. தெரியாததை அந்த வீட்டில் நின்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

“என்ரை அண்ணைக்கும் உப்பிடி ஒண்டு இருந்திருந்தால், அப்பாவை அந்த வெயிலிலை நிக்க வைச்சிருக்க மாட்டினம்” என்றா வசந்தி. என் கையில் இருந்த கடதாசியைப் பார்த்துத்தான் சொன்னா. பிள்ளைகளுக்கு முன்னால் அவ அண்ணன் என்று ஒரு ஆளைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தரமாம், தாரணி பிறகு சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவரை விட்டு விலகி வந்து விறாந்தைப் படியில் இருந்தா. தோள் இரண்டும் இறங்கின. வருசக்கணக்காகத் தூக்கி வைத்திருந்த தோள். “அந்த மாமாக்கு என்ன பேர் அம்மா?” என்று மது கேட்டாள். வசந்தி பெயரைச் சொன்னா. “அவன் சரியான குழப்படி” என்றா. “என்ரை தலைமயிரைப் பிடிச்சு இழுத்துப்போட்டு ஓடுவான்.” மது தாயின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். தாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயின் காதோரம் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை எடுத்துவிட்டாள்.

கமரா என் கையில் எப்போது வந்தது என்று எனக்கு நினைவில்லை. எடுத்தேன். வசந்தி கமராவைப் பார்த்தா. ஓம் மச்சான், நேராகப் பார்த்தா, எழும்பிப் போகவில்லை. என் கை நடுங்கியதில் படம் கொஞ்சம் ஆடித்தான் இருக்கிறது. தாரணியிடம் காட்டினேன். கனநேரம் பார்த்துவிட்டு, “இதுதான் மாமா. இதுதான் அம்மா” என்றாள். உடனே தன் போனில் ஏற்றிக்கொண்டாள்.

வசந்தியும் பார்த்தா. “நான் இப்பிடியோ இருக்கிறன்?” என்றா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “இதின்ரை கொப்பி வேறை ஆரிட்டையும் போகாதுதானே அண்ணை?” என்று கேட்டா.

போகாது என்றேன். என் சொல் காணாது என்று அவவின் கண்ணில் தெரிந்தது. கமராவைத் திறந்து மெமரி காட்டை எடுத்து அவவின் உள்ளங்கையில் வைத்தேன். “பிள்ளையின்ரை போனிலை இருக்கு, இதுக்குள்ளை இருக்கு. வேறை எங்கையும் இல்லை.” கையை இறுக்கி மூடிக்கொண்டா. அதனால் உன் வீட்டுப் படம் என்னிடம் இல்லை மச்சான். உனக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை, இந்த எழுத்தைத் தவிர.

உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இல்லாத ஆளைப் பற்றிக் கதைக்காதே என்றாய். உன் மனைவி இத்தனை வருசமும் யாராவது கேட்கட்டும், கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறா. நீயும் நானும் அந்த வீட்டில் இருந்து சாப்பிட்டோம், பகிடி விட்டோம். அதில் நீ பிழை. இனி நான் போகிற வீடுகளில் பிளேன்ரீ குடித்து முடிந்ததும் சுவரில் இருப்பவரைக் காட்டி, இவர் ஆர், எப்படிப்பட்ட ஆள் என்று கேட்கப் போகிறேன். கேட்க எனக்குப் பயம்தான். கேட்காமல் எடுக்கப் பயம் இன்னும் கூட.

போட்டு வாறன் என்று சொல்லிப் படலையைத் திறந்தபோது வசந்தி பின்னால் வந்தா.

“அண்ணை, உங்கடை வீட்டிலை எல்லாரும் நிக்கிற படம் இருக்கோ?”

யோசித்தேன். இல்லை. ஊரில் எல்லோர் வீட்டுப் படமும் எடுத்தவன் நான்.

“எல்லாரும் நிக்கேக்கை ஒண்டை எடுத்து வையுங்கோ” என்றா.

வீட்டுக்கு வந்து பை துடைத்து, கை கழுவி, இங்கே விறாந்தையில் இருக்கிறேன். அம்மா வெற்றிலை இடிக்கிறா. மகன் போனோடு சுருண்டு கிடக்கிறான். மனைவி காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டு இருக்கிறா. நிற்க வைக்கவும் தேவையில்லை, கதை கொடுக்கவும் தேவையில்லை. ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. நீ கேட்கிற மாதிரியான வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரத்துக்கு இருக்கும். வேறு மெமரி காட்டும் கிடைத்துவிட்டது, கமராவில் போட்டுவிட்டேன். கை மட்டும் எழும்ப மாட்டேன் என்கிறது. எடுத்தால் அது ஒரு கணக்கு ஆகிவிடும், பிறகு ஒருநாள் அதைப் பார்த்து யாரோ எண்ணுவார்கள், அந்த யாரோ நானாகவும் இருக்கலாம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

“என்னப்பா, ஏன் எங்களைச் சுத்திச் சுத்தி எண்ணுறியள்?” என்று மனைவி கேட்கிறா. என் வாய் அசைந்திருக்கிறது.

“ஒண்டுமில்லை” என்றேன்.

நாளைக்கு எடுப்பேன். நாளைக்கும் நாலு பேரும் இருப்போம்தானே மச்சான்?